மயிலிட்டிக் கரையும் மறுகரைச் சந்தையும்

விடியற்காலையில் மயிலிட்டித் துறைமுகத்திற் படகுகள் வந்தணையும்போது, வலையில் வீழ்ந்த மீன் எவ்வினத்தது, எந்தத் திசையில் எத்தனை பாக ஆழத்தில் அது கிடைத்தது, இன்று வீசும் காற்று நாளை எவ்வாறு திரும்பும் என்பனவற்றைக் கடற்றொழிலாளர் தெளிவாகக் கூறுவர். அந்த மீன் ஏலத்தில் விலைபோன பின்னர் எங்கே செல்கிறது, அதை உண்போர் யாவர், அங்கே அதன் விலை என்ன என்று வினவினாலோ பெரும்பாலோரிடம் விடை இராது. கடலைப் பற்றிய அறிவு கரையோடு நின்றுவிடுகிறது. சந்தையைப் பற்றிய அறிவு வேறொருவர் கையில் இருக்கிறது. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தூரமே உற்பத்தியாளனின் வறுமைக்கு ஒரு காரணம். அத்தூரத்தைக் குறைக்கும் பணியில் மாணவர்கள் எங்ஙனம் உதவலாம் என்பது ஆராயத் தக்கது.

யாழ்ப்பாணத்தவர்க்கு ஏற்றுமதி புதியதொன்றன்று. இக்குடாநாட்டுக் கடலிற் குளித்தெடுத்த சங்குகள் வங்காளத்துக்குச் சென்று, டாக்கா நகரத்துத் தொழிலாளர் கையில் வளையல்களாக மாறின. யாழ்ப்பாணத்துப் புகையிலை நெடுங்காலம் திருவிதாங்கூருக்குச் சென்றது. அங்குள்ளோர் எவ்வகைப் புகையிலையை விரும்புகின்றனர் என்பதை அறிந்தே இங்குள்ள கமக்காரர் பயிரிட்டனர். ஆனால் 20ஆம் நூற்றாண்டில் அந்தச் சந்தை சுருங்கியபோது, அதனையே நம்பியிருந்தோர் பெரிதும் இடருற்றனர். இவ்வரலாறு இரண்டு பாடங்களைத் தருகிறது. வாங்குவோன் மனத்தை அறிந்தவனுக்கே வாணிகம் வாய்க்கும் என்பது ஒன்று. ஒரே வாங்குவோனை நம்பியிருப்பது ஒரே நங்கூரக் கயிற்றை நம்பிப் புயலில் நிற்பதை ஒக்கும் என்பது மற்றொன்று.

மயிலிட்டிக்கு வேறொரு துயரமும் நேர்ந்தது. இலங்கையின் முதன்மையான மீன்பிடித் துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கிய அவ்வூரை விட்டு, 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். ஊரும் துறைமுகமும் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. 27 ஆண்டுகள் கழிந்து, 2017 ஜூலை மாதத்திலேயே துறைமுகமும் அதனை அண்டிய காணிகளும் விடுவிக்கப்பட்டன. 2019 ஆகஸ்டில் புனரமைப்பின் முதற்கட்டம் நிறைவுற்றது. 2025 செப்டெம்பரில் மூன்றாம் கட்டப் பணி தொடங்கிவைக்கப்பட்டது. இடிந்த அணைகளைக் கல்லாலும் சீமெந்தாலும் மீண்டும் கட்டிவிடலாம். ஆயினும் 27 ஆண்டுகளில் அறுந்துபோன வாணிகத் தொடர்புகளையும், தந்தையிடமிருந்து மைந்தனுக்கு வந்திருக்க வேண்டிய வியாபார அனுபவத்தையும் கல்லாற் கட்ட இயலாது. அதற்கு அறிவே மூலப்பொருள்.

சந்தை ஆய்வு என்றவுடன் அது பெருநிறுவனங்களுக்கே உரிய செயல் என்று பலர் எண்ணுவர். உண்மையில் அது மூன்று எளிய வினாக்களில் அடங்கும். இப்பொருளை வாங்குவோர் யார்? அவர்கள் விதிக்கும் நிபந்தனைகள் யாவை? எல்லாச் செலவும் போக உற்பத்தியாளனுக்கு எஞ்சுவது எவ்வளவு? வட கடலிற் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே இவற்றை விளக்கலாம்.

முதலிற் கடலட்டையை எடுத்துக்கொள்வோம். இதனை நம் மக்கள் உண்பதில்லை. ஆயினும் சீனர் விருந்துகளில் அது உயர்ந்த உணவு. ஹொங்கொங் நகரம் அவ்வாணிகத்தின் பெரும் நடுவிடம். பிடித்த அட்டையின் குடலை நீக்கி, அவித்து, உப்பிட்டு, உலர்த்தி அனுப்புகின்றனர். உலர்ந்தபின் அதன் நிறை உயிருள்ள நிறையிற் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைந்துவிடும். ஆகவே ஹொங்கொங்கில் ஒரு கிலோ உலர்ந்த அட்டையின் விலையைக் கேள்வியுற்று, கரையில் ஒரு கிலோ பச்சை அட்டைக்குத் தரப்படும் விலையோடு நேரே ஒப்பிடுபவன் தவறான முடிவுக்கே வருவான். ஒரு கிலோ உலர்ந்த அட்டைக்கு 20 கிலோ பச்சை அட்டை வேண்டுமெனக் கொண்டால், முதலில் அந்த 20 கிலோவின் விலையைக் கணக்கிட வேண்டும். அதன்மேல் விறகு, உப்பு, கூலி, ஏற்றுக்கூலி, அனுமதிப்பத்திரம், கழிவுபட்ட சரக்கின் நட்டம் ஆகியவற்றைக் கூட்ட வேண்டும். அதன் பின்னரே இடைத்தரகரின் இலாபம் நியாயமானதா அன்றா என்று தீர்ப்புக் கூறலாம். கணக்கின்றிச் சினங்கொள்வது எளிது. கணக்கோடு பேரம் பேசுவதே பயன்தரும்.

அட்டையின் சந்தையைச் சட்டமும் சூழ்ந்து நிற்கிறது. அண்டை நாடாகிய இந்தியாவில் 2001 முதல் கடலட்டை பிடிப்பது தடுக்கப்பட்டுள்ளது. இலங்கையில் அது அனுமதிப்பத்திரத்தோடு செய்யப்படும் தொழில். எனவே சரக்கு எந்நாட்டுக் கடலில் எடுக்கப்பட்டது என்பதற்குச் சான்று மிக இன்றியமையாதது. மேலும், அருகிவரும் உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலிற் சில அட்டை இனங்கள் 2019இற் சேர்க்கப்பட்டு, 2020 ஆகஸ்டு முதல் அக்கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. கூடையில் உள்ளது எவ்வினம் என்று பிரித்தறியாதவன், ஒரு சில அட்டைகளினால் முழுச் சரக்கையும் இழக்க நேரலாம்.

இரண்டாவது நண்டு. யாழ்ப்பாணம், மன்னார் கடல்களிற் பிடிபடும் நீல நண்டின் தசை, ஆலைகளிற் பெரும்பாலும் பெண்களின் கையாற் பிரித்தெடுக்கப்பட்டு, அமெரிக்கா முதலிய நாடுகளுக்குச் சென்றுவந்துள்ளது. அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டிலேயே கடல்வாழ் பாலூட்டிகளைக் காக்கச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் கீழ் 2016இல் வெளியான விதியின்படி, அந்நாட்டுக்கு மீன் அனுப்பும் பிற நாடுகளும், தம் வலைகளிற் சிக்கி ஓங்கில் முதலியன மடியாதவாறு அமெரிக்காவிற்கு ஒப்பான காப்பு முறைகளைக் கையாளுதல் வேண்டும். இங்கே நண்டு வலை விரிக்கும் ஒருவருக்கும் அமெரிக்க நாட்டுச் சட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். தொடர்பு உண்டு, அவருடைய அடுத்த ஆண்டு வருமானமே அத்தொடர்பு. இதனை அவருக்கு அவர்தம் மொழியில் எடுத்துரைப்பார் வேண்டும்.

மூன்றாவதாக, நாடு முழுவதும் அறிந்த ஓர் அனுபவம். ஆழ்கடற் படகுகளைக் கண்காணிக்கும் ஒழுங்கும் பதிவேடுகளும் போதாவென்று ஐரோப்பிய ஒன்றியம் 2012 நவம்பரில் இலங்கையை எச்சரித்தது. குறைகள் முற்றும் திருத்தப்படாமையால் 2015 ஜனவரி முதல் இலங்கைக் கடலிற் பிடித்த மீன்களை வாங்க மறுத்தது. படகுகளுக்குக் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டு, சட்டங்கள் திருத்தப்பட்ட பின்னரே, 2016 ஜூன் மாதத்தில் அத்தடை நீங்கியது. ஓராண்டுக்கும் மேலாக நட்டமடைந்தவர்களுள் எக்குற்றமும் செய்யாதோரும் இருந்தனர். எச்சரிக்கைக்கும் தடைக்கும் இடையே இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவகாசம் இருந்தது. தூரதேசத்திற் பிறக்கும் விதியொன்றை முன்னரே அறிந்து கரைக்கு அறிவிப்பதன் பெறுமதி இதனால் விளங்கும்.

இனி மாணவர் இப்பணியில் எங்கே பொருந்துவர் என்று நோக்குவோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவமும் வணிகமும் பயில்வோர் உளர். கடற்றொழிலியல் பயில்வோரும் உளர். பட்டப்படிப்பின் ஒரு பகுதியாகத் தொழிற்பயிற்சி பெறுவதும் இக்காலத்தில் வழக்கமாகிவிட்டது. அப்பயிற்சியைத் தலைநகரத்து அலுவலகங்களில் மட்டுமே பெறவேண்டும் என்ற நியதி இல்லை. ஒரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும் சிறந்த பயிற்சிக்கூடம் ஆகலாம்.

கருவிகளும் கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளன. உலகச் சுங்க அமைப்பு வகுத்து, 1988 முதல் நடைமுறையிலுள்ள பண்டக் குறியீட்டு முறையின்படி, ஒவ்வொரு பொருளுக்கும் ஆறு இலக்க எண் உண்டு. அவ்வெண் அம்முறையைத் தழுவிய எல்லா நாடுகளிலும் ஒன்றே. கடலட்டை 0308 என்னும் தலைப்பின் கீழும், பதனிட்ட நண்டு 160510 என்னும் எண்ணின் கீழும் வரும். எண்ணை அறிந்தவனுக்கு, எந்த நாடு எவ்வளவு வாங்குகிறது, எங்கிருந்து வாங்குகிறது, எவ்வளவு தீர்வை விதிக்கிறது என்பனவெல்லாம் புலப்படும். 1964இல் நிறுவப்பட்டு ஜெனீவாவில் இயங்கும் சர்வதேச வர்த்தக நிலையம் இப்புள்ளிவிவரங்களைத் திரட்டி வெளியிடுகிறது. 1979ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய இலங்கை ஏற்றுமதி அபிவிருத்திச் சபையும் ஏற்றுமதியாளருக்கு வழிகாட்டுகிறது.

ஆயினும் ஏட்டில் உள்ள எண்கள் மட்டும் ஆய்வு ஆகா. மாணவன் முதலிற் கரைக்குச் சென்று ஏலத்தைக் கவனித்தல் வேண்டும். பனிக்கட்டி எவ்வளவு செலவாகிறது, மீன் எத்தனை நாழிகை வெயிலிற் கிடக்கிறது, சுமார் 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்பைச் சரக்கு எப்போது அடைகிறது என்பனவற்றைக் குறித்தல் வேண்டும். சூரை போன்ற மீன்கள் குளிர் குன்றினால் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருள் பெருகும். பின்னர் எவ்வளவு குளிரூட்டினும், சமைத்தாலும் அது நீங்காது. ஐரோப்பியச் சோதனைச்சாலையிற் கழிக்கப்படும் பெட்டியின் குறை, பெரும்பாலும் படகிலோ கரையிலோ நேர்ந்த குறையேயாகும். அதனைச் சந்தைக் கணக்கோடு சேர்த்துக் காட்டுபவனே நல்ல ஆய்வாளன்.

இப்பயிற்சியில் விலக்கத் தக்க குறைகளும் உள. மாணவர் எழுதும் அறிக்கை ஆங்கிலத்தில் அச்சாகி, புள்ளி பெற்று, அலுமாரியிற் சேர்ந்துவிட்டால், தகவல் தந்த தொழிலாளிக்கு எஞ்சுவது களைப்பே. ஆதலால் ஆய்வின் முடிவைத் தமிழில், இரண்டு பக்கங்களுக்கு மேற்படாமல் எழுதி, சங்கக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுவதைப் பயிற்சியின் கட்டாயப் பகுதியாக்க வேண்டும். பயிற்சி பெறுவோரைக் கூலியற்ற எழுதுவினைஞராகக் கருதுவதும் தகாது. போக்குவரத்துச் செலவுக்கேனும் வழி செய்ய வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய குறை, மிகையான நம்பிக்கை ஊட்டுதல். இருபது வயது மாணவனின் கணக்கிற் பிழை நேர்ந்தால் அவனுக்கு ஒரு புள்ளி குறையும். அதனை நம்பிக் கடன் வாங்கியவருக்கோ படகே போய்விடும். எனவே நிச்சயமானது எது, ஊகம் எது என்று பிரித்துரைக்கும் நேர்மையே இப்பயிற்சியின் முதற்பாடம். மேற்பார்வை செய்யும் ஆசிரியரும் ஒவ்வோர் எண்ணையும் சரிபார்த்தல் வேண்டும்.

கிராமத்தையும் வெளிநாட்டுச் சந்தையையும் இணைக்கும் முயற்சி இந்நாட்டுக்குப் புதியதன்று. 1981இல் ஏற்றுமதி உற்பத்திக் கிராமங்கள் என்னும் திட்டம் தொடங்கப்பட்டு, கிராமத்தவர் தாமே பங்காளராகிய கம்பெனிகள் அமைக்கப்பட்டன. பங்காளராவது நன்றே. ஆனால் தம் பொருள் எங்கே செல்கிறது, எத்துணை விலை பெறுகிறது என்று தாமே அறியாத பங்காளர், பிறர் சொற்படியே நடக்க வேண்டியவராவர். உடைமையோடு அறிவும் கிராமத்துக்கு வந்து சேரவேண்டும்.

மயிலிட்டியில் இன்று உயர்கல்வி பயிலும் இளைஞர் பலர், ஊரைக் காணாமலே பிற இடங்களிற் பிறந்து வளர்ந்தவர்கள். தம் பாட்டனார் தொழில் செய்த துறையை அவர்கள் செவிவழியாகவே அறிந்திருந்தனர். அவர்களுள் ஒருவர் கையிற் குறிப்பேட்டுடன் அத்துறைக்கு வந்து, முதியவர் ஒருவரிடம் கடலைப் பற்றிக் கேட்டறிந்து, சந்தையைப் பற்றித் தாம் கற்றதை அவருக்குக் கூறுவாராயின், இருவரும் பயன் பெறுவர். அடுத்த நாள் ஏலத்தில் அம்முதியவர் தம் மீனுக்கு விலை சொல்லும்போது, அந்த மாணவர் தந்த கணக்கும் அவர் மனத்தில் இருக்கும்.