எரிமலை வழிமறிக்கும் நெடுஞ்சாலை

ரீயூனியன் தீவின் கிழக்குக் கரையோரம் போகும் இரண்டாம் எண் தேசிய நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரத்துக்கு ஊரே கிடையாது. அங்கே சாலையோரப் பலகைகளில் ஊர்ப்பெயருக்குப் பதில் ஆண்டுகள் இருக்கின்றன: 2002, 2004, 2007. மலையிலிருந்து இறங்கிய எரிமலைக் குழம்பு அந்தந்த ஆண்டில் சாலையைக் கடந்த இடங்கள் இவை. ஒவ்வொரு முறையும் சாலை புதைந்தது. பாறை ஆறிய பிறகு அதன் மேலேயே மறுபடி சாலை போட்டார்கள்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் இந்தத் தீவு பிரான்ஸைச் சேர்ந்தது. பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர். தீவு முழுவதுமே இரண்டு எரிமலைகளின் உடம்புதான். 3,070 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தே நேஜ் பல ஆயிரம் ஆண்டுகளாக அடங்கிக் கிடக்கிறது. 2,632 மீட்டர் உயரமுள்ள பித்தோன் த லா ஃபூர்னேஸ், 17ஆம் நூற்றாண்டிலிருந்து மட்டும் 150 முறைக்கு மேல் பொங்கியிருக்கிறது. உலகில் அடிக்கடி பொங்கும் எரிமலைகளில் இதுவும் ஒன்று. ஆனாலும் நண்பர்கள் சேர்ந்து வாடகைக் கார் எடுத்து, அங்கங்கே இறங்கித் தின்றுகொண்டும் வேடிக்கை பார்த்துக்கொண்டும் இதைச் சுற்றிவர முடிகிறது. இவ்வளவு பொங்கும் மலையின் மடியில் இது எப்படிச் சாத்தியம் என்பதற்கு வழியிலேயே விடை கிடைக்கிறது.

வாசல்வரை வந்த குழம்பு

வடகிழக்கில் சேன் ஆந்த்ரேயைத் தாண்டும்போதே கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே கோபுரங்கள் தென்படும். 19ஆம் நூற்றாண்டில், அடிமை முறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்களின் வழிவந்தவர்கள் இங்கே பெருந்தொகையாக வாழ்கிறார்கள். வீட்டில் பேசுவது கிரியோல். ஆனால் பாஞ்சாலியம்மனுக்குத் தீமிதி நிற்கவில்லை. சாலையோரக் கடைகளில் காலையிலேயே ‘போன்போன் பிமான்’ சூடாகக் கிடைக்கும். பருப்புக்குப் பதில் ஒருவகை வெள்ளை மொச்சையை அரைத்து, பச்சை மிளகாய் போட்டுப் பொரித்தது. ஒரு கடி கடித்ததும் எங்கள் வண்டியில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது: “இது நம்ம மசால் வடைடா!”

பொட்டலத்தோடு தெற்கே போனால் பித்தோன் சேந்த் ரோஸ் என்ற சிற்றூர். 1977 ஏப்ரலில் எரிமலை வழக்கமான எல்லைக்கு வெளியே வெடித்து, குழம்பு ஊருக்குள் இறங்கியது. பல வீடுகள் போயின. மக்களை முன்கூட்டியே வெளியேற்றியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. ஊர் தேவாலயத்தின் வாசல்வரை வந்த குழம்பு, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. உறைந்த கரும்பாறை இன்றும் சுவரை அணைத்தபடி இருக்கிறது. கோயிலுக்கு ‘லாவாக்களின் அன்னை’ என்று பெயர் மாறியது.

பக்தர்களுக்கு இது அற்புதம். குழம்பின் போக்கிலும் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. இந்த எரிமலையிலிருந்து வருவது பசால்ட் என்ற வகைக் குழம்பு. வெளியே வரும்போது வெப்பநிலை 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும். சிலிக்கா குறைவாக இருப்பதால் நன்றாக ஓடும். ஆனால் ஊற்றுவாயிலிருந்து விலக விலக ஓரங்கள் ஆறி இறுகும். சரிவு குறைந்தால் வேகம் தளரும். பின்னாலிருந்து வரத்து நின்றால் முன்முனையும் நின்றுவிடும். மனிதர் நடந்தே விலகிப்போகும் வேகத்தில்தான் அது பெரும்பாலும் ஊருக்குள் வரும். இந்தோனேசியாவின் மெராப்பி போன்ற எரிமலைகளில் கதை வேறு. அங்கே குழம்பு பிசுபிசுப்பானது. வாயுக்கள் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி வெடிக்கும். ரீயூனியனில் வாயு சுலபமாக வெளியேறிவிடுவதால் பெரும்பாலும் தீ ஊற்றுகளும் தீ ஆறுகளும்தான். அடிக்கடி பொங்கினாலும் இங்கே உயிர்ப்பலி அரிது.

ஆண்டைச் சொல்லும் நிறம்

அடுத்து கிரான் புரூலே. எரிமலையின் உச்சியைச் சுற்றி லாட வடிவில் ஒரு பெரும் பள்ளம் இருக்கிறது. சுற்றிலும் செங்குத்துச் சுவர். கிழக்கே கடலைப் பார்த்து மட்டும் திறப்பு; அந்தத் திறந்த சரிவுதான் கிரான் புரூலே. பெரும்பாலான வெடிப்புகள் இதற்குள்ளேயே நடப்பதால், குழம்பு இந்த வாய்க்கால் வழியாகவே கடலுக்கு இறங்குகிறது. குடியிருப்பு எதுவும் இல்லை. நெடுஞ்சாலை மட்டும் குறுக்கே போகிறது.

இங்கே வண்டியை ஓரங்கட்டி, பலகைகளுக்கு இடையே நடந்து பார்க்க வேண்டும். ஒரு பக்கம் காய்ச்சிய பாலின் ஆடையைக் கரண்டியால் ஒதுக்கியது போலச் சுருக்கம் சுருக்கமாக உறைந்த பாறை. மேல்தோல் ஆறிவிட, உள்ளே குழம்பு ஓடிக்கொண்டே இருந்ததால் விழுந்த மடிப்புகள் அவை. இன்னொரு பக்கம் காலணியைக் கிழிக்கும் கரடுமுரடான கற்குவியல். இரண்டும் ஒரே பசால்ட்தான். ஓடிய வேகமும் ஆறிய விதமும்தான் வேறு. உள்ளே ஓடிய குழம்பு முழுவதும் வடிந்துவிட்டால் வெற்றுக் குகை மிஞ்சும். 2004ஆம் ஆண்டு ஓட்டத்தில் அப்படி உருவான சுரங்கங்களுக்குள் வழிகாட்டிகள் தலைவிளக்கு மாட்டி அழைத்துப்போகிறார்கள்.

“பலகையைப் பார்க்காமலே ஆண்டைச் சொல்ல முடியுமா?” என்றான் நண்பன். ஓரளவு முடியும். புதுப் பாறை கறுப்பு. அதன்மேல் முதலில் குடியேறுவது ஸ்டீரியோகோலன் என்ற லைக்கன். கிட்டப்போய்க் குனிந்து பார்த்தால் விரல்நுனி உயரத்துக்குச் சின்னச் சின்னப் பவளக் கொத்துகள் போல, சாம்பல் வெள்ளையில் இருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் நுண்ணுயிர்கள் இதனோடு கூடி வாழ்கின்றன. மண்ணே இல்லாத பாறையில் முதல் உரம் இப்படித்தான் சேர்கிறது. லைக்கன் பரவினால் பாறை சாம்பல் நிறமாகும். பிறகு விரிசல்களில் பெரணி, அப்புறம் புதர், பல பத்தாண்டுகள் கழித்துக் காடு. அடித்துப் பெய்யும் மழை இந்த வேலையை விரைவுபடுத்துகிறது.

2007 ஏப்ரல்

கிரான் புரூலேயின் தெற்கு முனையில், திராம்ப்லே ஊருக்கு அருகே, 2007ஆம் ஆண்டு ஓட்டம். அந்த ஏப்ரல் 2ஆம் தேதி, உச்சியில் அல்ல, கடல்மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்திலேயே மலையின் விலா பிளந்தது. வாய் தாழ்வாக இருந்ததால் உள்ளிருந்த குழம்பு மளமளவென்று வடிந்தது. 10 கோடி கனமீட்டருக்கும் அதிகமாகக் கொட்டி, நெடுஞ்சாலையைப் புதைத்து, கடலில் விழுந்து கரையையே வெளியே தள்ளியது. கடல் கொதித்த இடத்தில், வழக்கமாகக் கண்ணில் படாத ஆழ்கடல் மீன்கள் செத்து மிதந்தன.

உச்சியில் இதன் மறுபாதி நடந்தது. அடியில் தாங்கி நின்ற குழம்பு காலியானதும், தொலோமியூ என்ற உச்சிப் பள்ளத்தின் தரை சில நாட்களுக்குள் 300 மீட்டருக்கும் மேல் உள்ளே இறங்கியது. அப்படியொரு சரிவைக் கருவிகள் பதிவுசெய்துகொண்டிருக்கும்போதே பார்க்கும் வாய்ப்பு எரிமலையியலாளர்களுக்கு அரிதாகவே கிடைக்கும்.

திராம்ப்லே கடற்கரையில் ஒரு கைப்பிடி மணலை அள்ளிப் பாருங்கள். கரிய துகள்களுக்கு நடுவே பாட்டில் கண்ணாடி நிறத்தில் பச்சை மணிகள் மினுங்கும். அது ஆலிவின். ஆழத்திலேயே குழம்பிலிருந்து முதலில் படிகமாகும் கனிமங்களில் ஒன்று. 2007ஆம் ஆண்டுக் குழம்பு இதை ஏராளமாகச் சுமந்து வந்தது. எடைமிக்க மணிகள் என்பதால் அலை மற்றதை அரித்துப்போக, இவை தங்கிவிடுகின்றன.

மேலே ஏறும் சாலை

எரிமலையின் முகத்தைப் பார்க்க, தீவின் நடுவழியாக பூர் முரா ஊருக்கு ஏற வேண்டும். 1977ஆம் ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு அமைத்த எரிமலை ஆய்வகம் அங்கேதான் இருக்கிறது. குழம்பு மேலேறத் தொடங்கினால் மலைக்குள் நூற்றுக்கணக்கான சிறு அதிர்வுகள் வரும். மலையின் உடல் சில சென்டிமீட்டர் உப்பும். வாயுக்களின் அளவு மாறும். இவற்றைப் பார்த்து ஆய்வகம் எச்சரித்ததும், பள்ளத்துக்குள் இறங்கும் வாசலை அரசு பூட்டிவிடும். மக்கள் எதிரே உள்ள பாதுகாப்பான மேடுகளுக்குப் போய் நின்று தீ ஊற்றைப் பார்ப்பார்கள்.

வழியில் கொமெர்சோன் என்ற பழைய எரிமலை வாயில் நிறுத்தினோம். உலக மழைச் சாதனை ஒன்று இந்த இடத்தின் பெயரில் இருக்கிறது. 2007 பிப்ரவரியில் கமீட் புயலின்போது இங்கே 72 மணி நேரத்தில் 3,930 மி.மீ. மழை கொட்டியது. சென்னைக்கு இரண்டரை ஆண்டுக்கு மேல் வரும் மழை மூன்றே நாளில்! அதற்கு அப்பால் பிளேன் தே சாப்ல்: புல் பூண்டு அரிதாகவே முளைத்த செம்பழுப்புச் சமவெளி, நடுவே மண்சாலை. முடிவில் பா த பெல்கோம்ப் விளிம்பு. கீழே பெரும்பள்ளம், எதிரே மலை.

தக்காணத்தின் மிச்சக் கதை

இந்தத் தீவின் அடியில், பூமியின் ஆழத்திலிருந்து மேலெழும் வெப்பத்தூண்தான் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் அடியில் இருந்தது என்பது புவியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. அப்போது பொங்கிய பசால்ட்தான் தக்காண எரிமலைப் பாறை அடுக்குகள். அரித்ததுபோக இன்றைக்கும் 5 லட்சம் சதுர கிலோமீட்டரில், அதாவது தமிழ்நாட்டைப் போல நான்கு மடங்கு பரப்பில், அவை கிடக்கின்றன. இந்தியத் தட்டு வடக்கே நகர நகர, வெப்பத்தூண் கடலடியில் ஒரு தடம் விட்டது. லட்சத்தீவுகளும் மாலத்தீவுகளும் அந்தத் தடத்தின் மேல் வளர்ந்த பவளத் திட்டுகள். மொரீஷியஸ் பிந்தையது. ரீயூனியன் அதனினும் இளையது.

புனேயிலிருந்து மகாபலேஷ்வருக்குக் காரில் போனால், வாய் ஊரைத் தாண்டி ஏறும் மலைச்சாலையின் வெட்டுகளில் இந்தப் பழைய ஓட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். கெட்டியான அடிப்பகுதி, வாயுக் குமிழிகளால் ஓட்டை விழுந்த மேல்பகுதி, அங்கங்கே அடுத்த ஓட்டம் வருவதற்குள் மக்கிச் சிவந்த மண் படலம். டைனோசர்கள் அழிந்ததில் இந்த எரிமலைப் பொங்குதலுக்கு எவ்வளவு பங்கு, மெக்சிகோவில் விழுந்த விண்கல்லுக்கு எவ்வளவு பங்கு என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. 2019இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளின் வயதை வெவ்வேறு முறைகளில் கணித்தன. பெரும்பகுதிக் குழம்பு விண்கல் விழுமுன் வந்ததா, விழுந்தபின் வந்ததா என்பதில் அவற்றின் முடிவுகள் ஒத்துப்போகவில்லை.

வயது மட்டும் தெரிந்தால் போதாது. குழம்பு எவ்வளவு வேகத்தில் வந்தது, கந்தக டை ஆக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் எவ்வளவு கக்கியது என்பதும் தெரிய வேண்டும். உறைந்த பாறையிலிருந்து இதை ஊகிக்கத்தான் முடியும். ஊகிக்கும் முறை சரியா என்று சோதிக்க, கண்ணெதிரே பொங்கும் பசால்ட் எரிமலை தேவை. தக்காணத்தோடு ஒப்பிட்டால் ரீயூனியனின் வெடிப்பு ஒவ்வொன்றும் துளிதான். ஆனால் மலை எவ்வளவு உப்பியது, எவ்வளவு வாயு விட்டது, எவ்வளவு குழம்பு கொட்டியது என்பது துளிக்குத் துளி அளக்கப்படுகிறது.