பூவுக்கும் மாதம் பார்க்கலாம்

கல்யாணத்துக்கு நாள் குறித்ததும் மண்டபத்துக்கும் சமையலுக்கும் ஓடுகிறோம். பூ விஷயம் பெரும்பாலும் டெக்கரேஷன்காரர் செல்போனில் காட்டும் படத்தோடு முடிந்துவிடுகிறது. தாய்லாந்து ஆர்க்கிட், லில்லி, பெயர் தெரியாத வெளிநாட்டு இலைகள் எல்லாம் அதில் இருக்கும். அந்த முகூர்த்த மாதத்தில் நம் பக்கத்து ஊர் வயலில் என்ன பூத்திருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. உள்ளூர்ப் பூவில் கல்யாணம் நடத்த விரும்புபவர்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். நிறம், டிசைன் எல்லாம் அதற்குப் பிறகு.

உள்ளூர்ப் பூ என்றாலே விலை கட்டுப்படியாகாது என்பார்கள். அந்தப் புகாரில் பாதி, பருவமில்லாத மாதத்தில் மல்லிகையை மட்டுமே கேட்பதால் வருவது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, மதுரையைச் சுற்றித் திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களிலும் விளைகிறது. கார்த்திகை வாக்கில் செடியைக் கவாத்து செய்வார்கள். வெயில் ஏற ஏறத் துளிர்த்து, பங்குனியில் சூடுபிடித்து, சித்திரை, வைகாசியில் பூ கொட்டும். வரத்து மிஞ்சினால் உதிரிப்பூ சென்ட் ஆலைக்குக் கிடைத்த விலைக்குப் போகும். பனிக்காலத்திலோ அரும்பு கட்டுவதே அரிது. கோடையில் சில நூறு ரூபாய்க்கு விற்ற கிலோ மல்லிகை அப்போது சில ஆயிரங்களைத் தொடும். மார்கழியில் நின்றிருந்த கல்யாணங்கள் தை பிறந்ததும் வரிசைகட்டுவதால், பூ மிகக் குறைந்திருக்கும் நேரத்தில் தேவை உச்சத்துக்குப் போகிறது. காலையில் அரும்பாகப் பறித்தது அன்று மாலையே மலர்ந்துவிடும் என்பதால் நாள்கணக்கில் இருப்பு வைக்கவும் வழியில்லை. முகூர்த்தத்தன்று எகிறும் விலை மறுநாளே விழுவது இதனால்தான்.

அதனால் தை மாதக் கல்யாணத்தில் மல்லிகையை மணப்பெண்ணின் தலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மாலையையும் மேடையையும் வேறு பூக்களிடம் விடலாம். செவ்வந்தி, பகல் குறுகும்போது மொட்டு வைக்கும் செடி. மல்லிகை ஓய்ந்திருக்கும் குளிர்காலம்தான் அதற்குப் பருவம். சம்பங்கி ஆண்டு முழுவதும் கிடைக்கும். செண்டுமல்லியும் கோழிக்கொண்டையும் மேடையை நிறைத்துவிடும். கனகாம்பரத்தின் கிலோ விலையைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. இதழ் அவ்வளவு லேசு என்பதால் ஒரு கிலோவில் பல முழம் கட்டலாம். நடுவே மரிக்கொழுந்து வைத்தால், கனகாம்பரத்தில் இல்லாத மணமும் வந்துவிடும்.

உள்ளூர்ப் பூ என்பதைப் பரம்பரைப் பூ என்று எடுத்துக்கொள்வதும் சரியாகாது. நாம் நம்முடையதாகவே நினைக்கும் சம்பங்கியும் செண்டுமல்லியும் மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தவை. எவ்வளவு தூரத்தில், எந்தப் பருவத்தில் விளைந்தது என்பதுதான் என் கணக்கு. அப்படிப் பார்த்தால் ஓசூர்ப் பசுமைக்குடில்களில் வளரும் ரோஜாவும் ஜெர்பராவும் விலக்கல்ல. நீண்ட காம்புப் பூதான் வேண்டும் என்பவர்கள் அங்கிருந்து வாங்கலாம். விமானத்தில் குளிரூட்டி வரவழைக்கும் பூவைவிட அது எவ்வளவோ மேல்.

நம் பூக்களில் மேடைக்கேற்ற நுணுக்கம் வராது என்று சொல்பவர்கள் தோவாளை மாணிக்க மாலையைப் பார்க்க வேண்டும். வெள்ளை, சிவப்பு அரளிப் பூக்களை மடித்துப் பச்சை இலையோடு கோத்து, கல் பதித்த நகைபோல் பட்டையாகக் கட்டுகிறார்கள். அத்தனை வேலைப்பாடும் கட்டுகிறவரின் விரல்களில் இருக்கிறது. கூலியைக் குறைத்துப் பேசிவிட்டு அந்த அழகை எதிர்பார்ப்பது நியாயமில்லை. (அரளி நச்சுச் செடி. கழுத்து மாலையோடும் மேடையோடும் நிற்கட்டும், பந்தியில் இலையருகே அதை வைக்கக் கூடாது.) சீக்கிரம் வாடிவிடும் என்ற பயமும் முழுக்கச் சரியில்லை. முதல்நாள் மாலை வரவேற்பிலிருந்து மறுநாள் காலை முகூர்த்தம் வரை பூ தாங்கினால் போதும், சம்பங்கியும் செவ்வந்தியும் அதைத் தாங்கும். மல்லிகைச் சரத்தை மட்டும் அந்தந்த வேளைக்குப் புதிதாக வாங்க வேண்டும்.

மறுக்க முடியாத ஆட்சேபம் ஒன்று உண்டு: மருந்து. மல்லிகையில் மொட்டுப்புழுவுக்குப் பூச்சிக்கொல்லி அடிக்கிறார்கள். அருகில் விளைந்தது என்பதாலேயே ஒரு பூ சுத்தமாகிவிடாது. ஆனால் அருகில் விளைந்தால் யாரிடம் கேட்பது என்று தெரியும். தலையில் சூடும் பூவையாவது, மருந்து குறைத்துப் பயிரிடுபவரிடம் முன்கூட்டியே சொல்லி வாங்கலாம். டெக்கரேஷன்காரரிடமும் இதே முறையில் பேசலாம். பூவைக் குத்தி நிறுத்தும் பச்சை நுரைக்கட்டி ஒருவகைப் பிளாஸ்டிக், தூளாகுமே தவிர மக்காது. அதற்குப் பதில் தண்ணீர் ஊற்றிய பானையிலும் குடத்திலும் செருகச் சொல்லலாம், சரங்களை நைலான் நூலை விட்டு வாழைநாரில் கட்டச் சொல்லலாம். சாயத்தில் முக்கிய நீலச் சம்பங்கி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டால், மண்டபத்தைக் காலி செய்யும் நாளில் பூவும் நாரும் சேர்ந்தே எருக்குழிக்குப் போகும்.