மூத்தவளின் மூக்கு சம்மதிக்கட்டும்

“ரெண்டையும் ஒண்ணா விட்டுடுங்க. நாலு நாள் அடிச்சுக்கும், அப்புறம் தானா ராசியாயிடும்.”

ஏற்கெனவே பூனை இருக்கும் வீட்டுக்குப் புதிதாக ஒரு குட்டியைக் கொண்டுவருபவர்களுக்கு அக்கம்பக்கத்தில் முதலில் கிடைக்கும் யோசனை இதுதான். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால், அதைக் கேட்டு நடந்த வீடுகளில் பெரிய பூனை பீரோ மேல் ஏறிக்கொண்டு சாப்பிடக்கூட இறங்க மறுப்பதையும், குட்டியின் மூக்கில் நகக்கீறல் விழுவதையும் பார்த்திருக்கிறேன். முதல் சந்திப்பு கெட்டுப்போனால் அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகிவிடும்.

காரணம், பூனையின் பிறப்பிலேயே இருக்கிறது. நம் வீட்டுப் பூனையின் மூதாதை, மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் திரிந்த காட்டுப்பூனை. உழவு தொடங்கிய காலத்தில் தானியக் கிடங்குகளில் பெருகிய எலிகளைத் தேடி வந்து மனிதரோடு ஒட்டிக்கொண்டது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழி ஒன்றில் மனித எலும்புக்கூட்டின் அருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டார்கள். அவ்வளவு பழைய உறவு. ஆனாலும் அந்தக் காட்டுப்பூனை தனியாக வேட்டையாடியது. பிடித்த எலி ஒரு வயிற்றுக்குத்தான் போதும். நாய் அப்படியல்ல, கூட்டமாக வேட்டையாடிய ஓநாயின் வழி வந்தது. சண்டை போட்டபின் சமாதானமாகும் வழிமுறைகள் நாயிடம் நிறைய உண்டு. பூனைக்குத் தெரிந்த ஒரே நல்ல வழி, விலகிப் போவது. இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் எங்கே விலகிப் போகும்?

மீன் மார்க்கெட்டில் பூனைகள் கூட்டமாக இருக்கின்றனவே என்று கேட்கலாம். அங்கே ஒன்றாகப் படுத்திருப்பவை பெரும்பாலும் தாய், மகள், சித்தி, பேத்தி என்று ஒரே குடும்பத்துப் பெட்டைகள். முன்பின் தெரியாத பூனை அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்தால் அங்கேயும் வரவேற்பு கிடையாது. “பாவம், தனியா இருக்கே, துணைக்கு ஒண்ணு இருக்கட்டும்” என்பது நம் மனசு சொல்வது. வீட்டுப் பூனை துணை கேட்கவில்லை. அதன் கண்ணில் வீட்டின் ஒவ்வொரு மூலையும் அதனுடையது. அதனால் இந்த விஷயத்தில் வேகத்தை முடிவுசெய்யும் உரிமை மூத்த பூனைக்குத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். குட்டி எங்கே வைத்தாலும் பழகிக்கொள்ளும் வயதில் இருக்கிறது. மூத்ததுக்கு இழக்க நிறைய இருக்கிறது.

தெருவிலிருந்து எடுத்த குட்டியென்றால் வீட்டுக்குள் நுழையும் முன் மருத்துவர். வெளியிலிருந்து வரும் குட்டியோடு பேன்லுகோபீனியா வைரஸ் வரலாம். தடுப்பூசி போடாத பூனைகளில் உயிர்ச்சேதம் அதிகம். உகந்த சூழலில் இந்த வைரஸ் தரையிலும் துணியிலும் ஓராண்டு வரைகூடத் தங்கும். பினாயில் போட்டுத் துடைத்தால் சாகாது, பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும். தவிர, பினாயில் பூனைக்கு நஞ்சு. ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே கெடுதல். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு பதினாறு வாரம் வரை மூன்று நான்கு வார இடைவெளியில் மறு ஊசிகள், மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. பூச்சி மருந்தும் தெள்ளுப்பூச்சிக்கான மருந்தும் கூடவே. மூத்த பூனையின் தடுப்பூசி அட்டையையும் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள். கடுவன் என்றால் குடும்பக்கட்டுப்பாடு ஆகியிருக்க வேண்டும்.

எப்படியும் இரண்டு வாரமாவது குட்டி ஒரு தனி அறையில் இருக்க வேண்டும். நோய்க்காக மட்டுமல்ல, அந்த நாள்களில்தான் உண்மையான அறிமுகம் நடக்கிறது. பூனைக்கு அறிமுகம் என்றால் வாசனை. கன்னம், மோவாய், நெற்றி, பாதம், வால் அடி என்று உடம்பெங்கும் வாசனைச் சுரப்பிகள். நாற்காலிக் காலில் முகத்தைத் தேய்க்கும்போது அது தன் பெயரை எழுதி வைக்கிறது. அதனால் மெல்லிய பருத்தித் துணியால் குட்டியின் கன்னத்தைத் தடவி, மூத்தது சாப்பிடும் இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். மூத்ததன் துணி குட்டியின் அறைக்குப் போகட்டும். மூத்தது துணியை முகர்ந்துவிட்டு வாயைப் பாதி திறந்து, முகம் சுளித்ததுபோல் அசையாமல் நிற்கலாம். அருவருப்பு அல்ல, மேலண்ணத்தில் இருக்கும் இன்னொரு நுகர்வு உறுப்புக்கு அந்த வாசனையை அனுப்புகிறது. துணியைப் பார்த்துச் சீறினால் இன்னும் காலம் வரவில்லை என்று பொருள். கண்டுகொள்ளாமல் தாண்டிப் போனால் நல்ல சகுனம்.

அடுத்தது, மூடிய கதவின் இருபுறமும் சாப்பாடு. எங்கள் வீட்டில் மூத்தவள் கறுப்பி, உப்பில்லாமல் வேகவைத்த மத்தி மீனுக்கு உயிரை விடுபவள். கதவை ஒட்டித் தட்டை வைத்ததும் அவள் வரவே இல்லை. நடுக்கூடத்துக்கு நகர்த்தியபோது வந்தாள். பின்னங்கால்கள் ஓடத் தயாராகப் பின்னாலேயே நிற்க, கழுத்தை மட்டும் நீட்டி, ஒரு காதைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். ஒவ்வொரு வேளையும் தட்டு ஒரு சாண் முன்னே போயிற்று. கதவோரம் வந்த ஒரு நாள் அடி இடுக்கு வழியாகக் குட்டியின் பாதம் வெளியே நீண்டு தரையைத் துழாவியது. கறுப்பி சாப்பிடுவதை நிறுத்தினாள். அந்தப் பாதத்தை நகத்திலிருந்து மணிக்கட்டு வரை நிதானமாக முகர்ந்தாள். பிறகு தட்டுக்குத் திரும்பிவிட்டாள். அன்றைக்குத்தான் கதவை ஒரு விரல்கடை திறந்து வைத்தோம்.

பார்வை இப்படிக் கடைசியில்தான் வர வேண்டும். கதவு நிலையில் கொசுவலை அடித்தால் போதும், கேட் வாங்க வேண்டியதில்லை. வலையின் பின்னே பார்த்துப் பார்த்துப் பழகியபின் நேரில் சில நிமிடங்கள். அப்போது குட்டியைக் கயிறோ இறகோ காட்டி விளையாட்டில் இழுத்துக் களைக்கச் செய்துவிட்டு விடுவது புத்திசாலித்தனம்.

சீறினால் பயந்து தூக்கிவிடாதீர்கள். சீறலும் நகம் நீட்டாத ஓர் அறையும் ‘அங்கேயே நில்’ என்ற அறிவிப்பு. குட்டி கற்க வேண்டிய பாடமும் அதுதான். பயப்பட வேண்டியது சத்தமில்லாத பகைக்கு. இமைக்காமல் முறைப்பது, மலசலம் கழிக்கும் மண் தட்டுக்குப் போகும் வழியில் குறுக்கே படுத்துக்கொள்வது, வாலைத் தரையில் அடித்தபடி பின்தொடர்வது. “ரெண்டும் சண்டையே போடல” என்று நாம் மகிழும் வீட்டில் ஒன்று இன்னொன்றைப் பட்டினி போட்டுக்கொண்டிருக்கலாம். அதனால் தட்டு, தண்ணீர்க் கிண்ணம், படுக்கை எல்லாம் தனித்தனி இடங்களில். மண் தட்டு, பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதல். உயரத்தில் மூத்ததுக்கு மட்டும் எட்டும் ஓர் அலமாரித் தட்டு.

பத்து வயது தாண்டிய பூனையென்றால் அதன் உடம்பையும் கேளுங்கள். மூட்டுவலியைப் பூனை வெளியே காட்டாது. மேலே விழுந்து புரளும் குட்டி அதற்கு விளையாட்டல்ல, வலி. மன அழுத்தம் நேராகச் சிறுநீர்ப்பையைத் தாக்கும் என்பதை ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டோனி பஃபிங்டன் பல ஆண்டு ஆய்வில் காட்டியிருக்கிறார். கடுவன் பூனை மண் தட்டில் முக்கி முக்கி ஒன்றும் வராமல் எழுந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அடைப்பு உயிரைக் குடித்துவிடும். மூத்தது இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தால் கல்லீரலில் கொழுப்பு சேரத் தொடங்கலாம். அதைக் கோபம் என்று விட்டுவிடாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டும் கட்டிக்கொண்டு தூங்காமல் போகலாம். ஒரே அறையில் ஆளுக்கொரு ஜன்னலில் அமைதியாக இருந்தால் அதுவே முழு வெற்றி. ஒன்றையொன்று நக்கிவிட்டால் அது கொடுப்பினை.

ராசியான பிறகும் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். குட்டி கருத்தடைக்குப் போய்வந்தால் அதன் மேல் ஆஸ்பத்திரி வாசனை. நேற்றுவரை கூடவே சாப்பிட்ட மூத்தது, யாரோ புதியவர் வந்ததுபோல் உறுமும். வீட்டு வாசனை திரும்ப ஒட்டும்வரை, ஓர் இரவாவது, குட்டியைப் பழைய அறையில் பழைய துணியோடு வையுங்கள். மறுநாள் மறுபடி கதவின் இருபுறமும் சாப்பாடு போடுங்கள். இந்த முறை சீக்கிரம் முடிந்துவிடும்.