எட்டுப் போட்டா மட்டும் போதுமா? மேட்டில் உருளக் கூடாது கார்!

காலை நேரம். வட்டாரப் போக்குவரத்து அலுவலக மைதானம். ஸ்டீயரிங் பிடித்த கை வேர்க்கிறது. "என்ன சார், ஹேண்ட் பிரேக்கை எடுத்தீங்களா?" என்கிறார் இன்ஸ்பெக்டர். எங்கே எடுத்தார்? பதற்றத்தில் மறந்தே போச்சு!

எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் ஆன பிறகுதான் டெஸ்ட். அது 6 மாதம் செல்லும். அதற்குள் 'எட்டு' போட்டுப் பழகினால் போதும் என்று இருந்துவிடாதீங்க. 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் இன்னும் கேட்கின்றன. கண்ணாடியைச் சரி செய்யணும். கை சைகை காட்டணும். ரிவர்ஸ் எடுக்கணும். மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் கிளப்பணும்.

அதற்கு வழி இதுதான்: ஹேண்ட் பிரேக்கைப் போட்டபடியே முதல் கியர். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து, கிளட்சை மெல்ல விடுங்க. வண்டி முன்னால் இழுக்கும். அப்போது பிரேக்கை எடுங்க.

தோற்றால் வெட்கமில்லை. 7 நாள் கழித்து மறுபடி வரலாம். "புரோக்கர் பார்த்துக்குவார்" என்று மட்டும் காசை நீட்டாதீங்க. நாளைக்கு மேம்பால ஏற்றத்தில் நெரிசலில் நிற்பீங்க. பின்னால் சைக்கிளில் ஒரு பள்ளிப் பிள்ளை நிற்கும்.

அங்கே புரோக்கர் வரமாட்டார்!