சோற்றோடு உள்ளே போகும் காரீயம்

தோட்டத்துப் பிள்ளைகள் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கி இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று அதே இருட்டில் எழுந்து, ஜொகூர் பாலம் தாண்டி, சிங்கப்பூருக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்த தம்பிமார்களும் பக்கத்தில் நின்று வேலை செய்கிறார்கள். “வெயில் இல்லே, மழை இல்லே, அட்டைக் கடி இல்லே, மாசம் பொறந்தா சம்பளம்” என்று சொல்வதைக் கேட்க நமக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் வெயிலும் மழையும் அட்டையும் கண்ணுக்குத் தெரியும் எதிரிகள். சில பேக்டரிகளில் இருக்கும் எதிரி பொடியாக இருக்கிறான். மணம் இல்லை, காரம் இல்லை, தொட்டால் எரியாது. அவன் பெயர் காரீயம். அவனைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

எந்த ஈயம்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஈயம் என்றதும் நம் வீட்டுப் பெண்களுக்கு ரசம் வைக்கும் ஈயச் சொம்பு ஞாபகத்துக்கு வரும். பெரியவர்களுக்குப் பேராக் பக்கத்து ஈயலம்பம் ஞாபகத்துக்கு வரும். அது வெள்ளீயம். காரீயம் வேறே. கறுத்தது, கனமானது, மெத்தென்று வளைவது. தூண்டிலில் கட்டும் குண்டு பெரும்பாலும் காரீயம். பேர் ஒன்றுபோல் இருப்பதால் குணமும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. வெள்ளீயத்தில் விலை மலிவான காரீயத்தைக் கலந்து செய்த பாத்திரத்தில் புளித்தண்ணீர் கொதித்தால் அந்த விஷம் ரசத்தில் இறங்கும். சொம்பு வாங்குகிறவர்கள் நம்பிக்கையான கடையில் வாங்குவது நல்லது.

பேக்டரியில் காரீயம் கட்டியாக மட்டும் இருப்பதில்லை. வேறு சரக்குகளோடு சேர்ந்து பொடியாகவும் இருக்கிறது. கட்டியைவிடப் பொடிதான் ஆபத்து அதிகம். கட்டி ஓர் இடத்தில் கிடக்கும். பொடி பறக்கும், ஒட்டும், கூடவே வரும்.

எங்கெங்கே இருக்கிறது?

மஞ்சள் பொடி ஒன்று உண்டு. லித்தார்ஜ் என்பார்கள். காரீயமும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்தது. பாட்டரித் தகடு செய்ய இது வேண்டும். நாம் வெட்டிக் கொடுத்த ரப்பர் பாலுக்கும் இதற்கும்கூட உறவு உண்டு. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்து வேகவைக்கும்போது சீக்கிரம் பதப்படுவதற்காக லித்தார்ஜைச் சேர்க்கும் வழக்கம் ரப்பர் சாமான் பேக்டரிகளில் இருந்தது.

அடுத்தது சிவப்புப் பொடி. ‘ரெட் லெட்’ என்று கப்பல் பட்டறைக்காரர்கள் சொல்வார்கள். இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கக் கப்பலுக்கும் பாலத்துக்கும் முதல் சாயமாக இதைத்தான் உலகமெங்கும் பூசினார்கள். சிங்கப்பூரில் செம்பவாங் கடற்படைத் தளத்திலும், பின்னால் வந்த கப்பல் பட்டறைகளிலும் நம்மவர்கள் எத்தனையோ பேர் உழைத்தார்கள். பழைய கப்பலின் சிவப்புச் சாயத்தைச் சுரண்டினால் தூசு. அதே இரும்பைக் கேஸ் வைத்து வெட்டினால் புகை. இரண்டிலும் காரீயம்.

மூன்றாவது வெள்ளைப் பொடி. மாவு மாதிரி இருக்கும். ஈய ஸ்டியரேட், ஈய சல்பேட் என்று மூட்டையில் எழுதியிருக்கும். இதைப் பி.வி.சி. பிளாஸ்டிக்கில் கலப்பார்கள். பி.வி.சி.யைச் சூடாக்கி உருக்கும்போது அது சிதைந்து அமிலத்தைக் கக்கும். அந்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக் கெடாமல் காப்பது இந்த ஈய உப்பு. தண்ணீர்க் குழாய், கரண்ட் கம்பி மேலே சுற்றிய உறை, இவற்றுக்கெல்லாம் பல நாடுகளில் பல வருஷம் இதுதான் சேர்ந்தது. குழாயாக வந்த பிறகு அதைத் தொடுவதால் பெரிய கெடுதல் இல்லை. மூட்டையைப் பிரித்துக் கொட்டிக் கலக்குகிறானே, அந்தத் தொழிலாளிக்குத்தான் ஆபத்து.

சிங்கப்பூரில் எடுத்த கணக்கு

இதைச் சும்மா பயமுறுத்தச் சொல்லவில்லை. சிங்கப்பூரிலேயே எடுத்த கணக்கு இருக்கிறது. 1998-ல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு பி.வி.சி. கலவைப் பேக்டரிகளிலும் இரண்டு பாட்டரிப் பேக்டரிகளிலும் வேலை செய்த 61 தொழிலாளிகளைப் பரிசோதித்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, அந்த வேலை செய்யாத 111 பேரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

பி.வி.சி. பேக்டரியில் பொடியைக் கொட்டும் இடத்திலும் கலக்கும் இடத்திலும் காற்றில் காரீயம் அதிகம் இருந்தது. பாட்டரிப் பேக்டரியில் ஈயப் பாளத்தை அரவை மிஷினில் ஏற்றும் இடம்தான் மிக மோசம். இரத்தத்தைச் சோதித்தபோது, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் பாட்டரித் தொழிலாளிக்குச் சராசரி 32.51 மைக்ரோகிராம் காரீயம், பி.வி.சி. தொழிலாளிக்கு 23.91.

இந்தக் கணக்கு எவ்வளவு பெரிது? உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது இது: ஒருவர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே அது எங்கிருந்து வருகிறது என்று தேடி நடவடிக்கை எடுக்க வேண்டும். “இவ்வளவு வரை இருந்தால் பாதகமில்லை” என்று சொல்லக்கூடிய அளவே காரீயத்துக்குக் கிடையாது என்றும் அது சொல்கிறது.

அந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் வெளிப்பட்டது. நாம் காது கொடுத்துக் கேட்க வேண்டியது அதைத்தான். காற்றில் இருந்த அளவுக்கும் இரத்தத்தில் இருந்த அளவுக்கும் சரியான பொருத்தம் இல்லை. மலாய்த் தொழிலாளிகளுக்குச் சராசரி 33.03, சீனத் தொழிலாளிகளுக்கு 25.35. கையுறை, முகமூடி, சிகரெட், ஓவர்டைம், வேலை செய்த வருஷம், எதிலும் இரு சாராருக்கும் வித்தியாசம் இல்லை. பின்னே எதில் வித்தியாசம்? சாப்பிடும் முறையில். மலாய்க்காரர்களில் 94.3 சதவீதம் பேர் கையால் சாப்பிடுகிறவர்கள், சீனர்களில் 9.2 சதவீதம்தான். வாரத்தில் ஒரு தடவையாவது வெறுங்கையால் சாப்பிட்டவர்களுக்குச் சராசரி 30.2 மைக்ரோகிராம், மற்றவர்களுக்கு 26.4. காற்றில் இருந்த அளவைக் கணக்கில் எடுத்துச் சரிபார்த்த பிறகும் இந்த வித்தியாசம் நின்றது. வேலையிடத்தில் பட்ட அளவு கூடுதலாக இருந்ததும், கையால் சாப்பிட்டதும் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் முடிவு சொன்னார்கள்.

அதாவது, நகக்கண்ணிலும் ரேகையிலும் ஒட்டிய பொடி சோற்றோடு பிசைந்து உள்ளே போயிருக்கிறது.

நாம் யார்? கையால் பிசைந்து சாப்பிடும் சாதி. ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் போனால் சிராங்கூன் ரோட்டிலும் ரேஸ்கோர்ஸ் ரோட்டிலும் வாழை இலை போட்டு, குழம்பு ஊற்றி, கையால் வழித்துச் சாப்பிட்டால்தான் நமக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கையை விட்டுவிட்டுக் கரண்டிக்கு மாறு என்று நாம் சொல்லவில்லை. இலைக்கு முன் உட்காரும் கை எங்கிருந்து வந்த கை என்று பார்க்கச் சொல்கிறோம்.

உடம்புக்குள் என்ன செய்கிறது?

மூச்சு வழியாகவும் வாய் வழியாகவும் போகும் காரீயம் இரத்தத்தில் கலக்கிறது. கொஞ்சம் சிறுநீரில் வெளியேறும். மீதி எலும்பில் போய் உட்காரும். எலும்பைச் சுண்ணாம்பு என்று நினைத்து அது வருஷக்கணக்கில் அங்கே குடியிருக்கும். வேலையை விட்டு வந்த பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்துக்குத் திரும்பி வரும்.

தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது. பிறகு அசதி, தலைவலி, தூக்கக் கேடு, பசியின்மை, வயிற்று வலி, மலச்சிக்கல். “வேளா வேளைக்குச் சாப்பிடாததால் வாயுக் கோளாறு” என்று கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். இரத்தம் ஊறும் வேலையைக் காரீயம் கெடுப்பதால் சோகை பிடிக்கும். அளவு கூடினால் வயிற்றைச் சுருட்டி வலிக்கும். நரம்பு தளர்ந்து மணிக்கட்டு தொங்கிப்போகும். சிறுநீரகம் கெடும், இரத்த அழுத்தம் ஏறும். ஆண்களுக்கு விந்து கெடும். பெண்களுக்குக் கரு கலையும்.

பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம். தாயின் இரத்தத்திலிருந்து கருவுக்குக் காரீயம் போகும். சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைத் தடுக்கும். படிப்பு ஏறாமல் போகும். அந்தக் கேட்டை எந்த மருந்தாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. பிள்ளைக்குக் காரீயம் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். அப்பனின் சட்டையிலிருந்து வரும். வேலை உடுப்போடு வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினால், அந்தச் சட்டையைப் பிள்ளைத் துணியோடு சேர்த்து அலசினால், போதும்.

நாம் செய்ய வேண்டியது

தோட்டத்தில் மருந்தடித்தவர்களுக்கு இது புதுப் பாடம் அல்ல. மருந்து கலக்கிய கையோடு சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காதே என்று பெரியவர்கள் சொன்னது இங்கேயும் பொருந்தும்.

வேலைக்குப் போகுமுன் பசியாறிவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் காரீயம் அதிகமாக ஏறும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடம்பிலும் அப்படித்தான். கீரை, பருப்பு, மீன், பால் நல்லது. ஆனால் “ஒரு டம்ளர் பால் குடித்தால் விஷம் எல்லாம் இறங்கிவிடும்” என்பது வெறும் பேச்சு. பாலைக் கொடுத்துவிட்டுப் பாதுகாப்பைக் கொடுக்காத முதலாளியை நம்பாதீர்கள்.

பொடி இருக்கும் இடத்தில் சாப்பாடு, காப்பி, வெற்றிலை, சிகரெட் எதுவும் வேண்டாம். சாப்பிடுமுன் சோப்புப் போட்டு, நகக்கண்ணைத் தேய்த்துக் கழுவுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். வாயில் துண்டு கட்டினால் பொடி நிற்காது; அதற்கென்று உள்ள முகமூடி வேண்டும். தரையைத் துடைப்பம் போட்டுக் கூட்டாமல் ஈரத்தால் துடைக்க வேண்டும். வேலை முடிந்ததும் குளித்து, உடுப்பை அங்கேயே மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். பழைய பாட்டரியை வீட்டுக் கொல்லையில் உடைத்துக் காரீயத்தை உருக்கித் தூண்டில் குண்டு வார்க்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

முதலாளி செய்ய வேண்டியது

ஆனாலும் பழியைத் தொழிலாளியின் கைமேல் மட்டும் போட்டால் அது நியாயமாகாது. கையில் பொடி ஒட்டுவது பொடி பறப்பதால்தான். பொடியை உறிஞ்சி இழுக்கும் காற்றாடி, தனிச் சாப்பாட்டு அறை, தண்ணீர், சோப்பு, உடுப்பு, குளிக்கும் இடம், இவை முதலாளியின் கடமை. எல்லாவற்றுக்கும் மேலே, காரீயமே இல்லாமல் வேலையை நடத்த முடியும். பி.வி.சி.யில் ஈய உப்புக்குப் பதிலாகக் கால்சியம், துத்தநாகம் கலந்த சரக்கு வந்துவிட்டது. இந்தியா 2021-ல் பி.வி.சி. குழாய்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்த விதி போட்டது. சிங்கப்பூரில் 1998 ஜூலையோடு ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. 2021-ல் உலகம் முழுவதும் கார்களுக்கு அந்தப் பெட்ரோல் விற்பது முடிவுக்கு வந்தது. மனசு வைத்தால் நடக்கும்.

சிங்கப்பூரில் ஈய வேலை செய்கிறவர்களுக்குக் குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனை செய்வது சட்டப்படி கட்டாயம். செலவு முதலாளியுடையது. பரிசோதனை முடிந்தால் “எனக்கு எத்தனை?” என்று கேளுங்கள். போன தடவை எத்தனை, இந்தத் தடவை எத்தனை என்று எழுதி வையுங்கள். வேலையால் வந்த ஈய நஞ்சுக்கு நஷ்ட ஈடு கேட்கும் உரிமை, உள்ளூர்த் தொழிலாளிக்கும் பெர்மிட் தொழிலாளிக்கும் ஒன்றுபோல் உண்டு. “வாயைத் திறந்தால் பெர்மிட்டை வெட்டிவிடுவான்” என்ற பயம் நமக்குத் தெரியாததல்ல. தனியாக நிற்க வேண்டாம். மனிதவள அமைச்சு இருக்கிறது, வெளிநாட்டு ஊழியர் நிலையம் இருக்கிறது. காயம்பட்டு வேலையில்லாமல் நின்ற தொழிலாளிகளுக்கு லிட்டில் இந்தியாவில் இலவசச் சாப்பாடு போட 2008-ல் கஃப் ரோடு திட்டத்தைத் தொடங்கிய தொண்டர்களும் அங்கேதான் இருக்கிறார்கள்.

கடைத்தெருவிலும் கவனம்

கப்பலுக்குப் பூசும் அதே சிவப்புப் பொடி, செந்தூரத்திலும் கலந்திருப்பது வெளிநாடுகளில் பிடிபட்டிருக்கிறது. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் வாங்கிய 118 செந்தூர மாதிரிகளைச் சோதித்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலானவற்றில் காரீயம் காணப்பட்டது. அமெரிக்காவில் 2000 முதல் 2003 வரை, நாட்டு மருந்து சாப்பிட்டு ஈய நஞ்சு ஏறிய 12 பேரைப் பற்றி அந்நாட்டு அரசாங்கம் 2004-ல் அறிவித்தது. எல்லாக் குங்குமமும் எல்லா மருந்தும் கெட்டவை என்று சொல்ல மாட்டோம். யார் செய்தது என்று பேர் ஊர் இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள். பிள்ளைகள் கைபடும் இடத்தில் வைக்காதீர்கள்.

தோட்டத்தை விட்டுப் போன பிள்ளை போன் பேசும்போது “சாப்பிட்டியாப்பா?” என்று கேட்கிறோம். இனி “கையைக் கழுவிட்டுச் சாப்பிட்டியா? ரத்தம் பார்த்தாங்களா?” என்றும் கேட்போம். இந்தப் பத்திரிகையைப் படித்து முடித்ததும், பாட்டரி, பிளாஸ்டிக், சாயப் பட்டறை வேலைக்குப் போன வீட்டாரிடம் கொடுங்கள்.