700 வாட் பெட்டியும் லயத்துக் கரண்டும்

எங்கள் காம்பராவில் இருந்த கணினியின் இரும்புப் பெட்டியில் கை பட்டால் சுரீர் என்று இருக்கும். "பெட்டி கடிக்குதுடா தம்பி" என்று சொல்லி அம்மா அந்தப் பக்கமே போகமாட்டார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தேன். ஒருநாள் பின்னேரம் ஏழு மணிபோல, உள்ளே வெடிபோல ஒரு சத்தம். பிறகு கருகிய வாசனை. பவர் சப்ளை போய்விட்டது. மதர்போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் அதோடு சேர்ந்து போயின.

அந்த டிஸ்கில் இருந்தது கல்யாண வீடியோக்கள் மட்டும் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். 1977 கலவரத்தோடு தாத்தா குடும்பம் டிக்கோயாப் பக்கத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போனது. நான் பிறந்தது அங்கேதான். 2009இல் எல்லாம் முடிந்து, அம்மாவும் நானும் மெனிக் பாம் முகாமில் இருந்து, 2010இல் மாமாவின் லயத்துக்கே திரும்பி வந்தோம். அண்ணன் வரவில்லை. அம்மா பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்த படங்கள் முப்பத்தொன்று. வன்னி வெயிலில் தப்பிய படங்களை அட்டன் ஈரம் தின்னத் தொடங்கியது. ஒன்றோடொன்று ஒட்டி, பூஞ்சணம் பிடித்துக்கொண்டு வந்தன. அதனால்தான் அவசரமாக ஸ்கேன் செய்தேன். காணாமல் போனோர் அலுவலகத்துக்குக் கொடுத்த அண்ணனின் படமும் அதில் ஒன்று. வேறு பிரதி எடுத்து வைக்காதது என் மடத்தனம்.

என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன். கொழும்பில் வாங்கிய பாவித்த அலுவலகக் கணினி என்னுடையது. வீடியோ வேலைக்காக அதில் ஒரு கிராபிக்ஸ் கார்டைப் போட நினைத்தேன். பழைய பவர் சப்ளை தாங்காது என்று கடைக்காரர் புதிதாக ஒன்றைத் தந்தார். பெட்டியில் பெரிய எழுத்தில் 700 வாட். விலையோ மிகக் குறைவு. கடையின் பெயர் இங்கே தேவையில்லை. அந்தச் சாமான் எல்லா ஊரிலும் விற்கிறது.

எரிந்த பிறகு அதைத் திறந்து பார்த்தேன். கரண்ட் உள்ளே வரும் இடத்தில், மின்சாரத்தின் அழுக்கை வடிகட்டும் சுருள்களுக்கு இடம் விட்டிருந்தார்கள். ஆனால் சுருள் இல்லை. அந்த இடத்தில் ஒரு துண்டு வயரை வைத்துச் சூடு போட்டு ஒட்டியிருந்தார்கள். பக்கத்து ஸ்டிக்கரை அப்போதுதான் ஒழுங்காக வாசித்தேன். 12 வோல்ட் வரியில் 18 அம்பியர் என்று இருந்தது. 12ஐ 18ஆல் பெருக்கினால் 216. இன்றைய கணினியில் சி.பி.யு.வும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. ஆக, 700 என்று விற்ற பெட்டி உருப்படியாகத் தரக்கூடியது 216 வாட். அதுவும் ஸ்டிக்கர் பொய் சொல்லாவிட்டால்தான்.

எனக்கு 700 தேவையும் இல்லை. அலுவலகக் கணினி சி.பி.யு. 65 வாட். தனி வயர் கேட்காத கிராபிக்ஸ் கார்டு அதிகபட்சம் 75 வாட். மற்றதையெல்லாம் சேர்த்தாலும் 200ஐத் தாண்டாது. நேர்மையான ஒரு 450 வாட் பெட்டி தாராளம். அதில் 12 வோல்ட் வரியில் 30 அம்பியருக்கு மேல் எழுதியிருக்கும். கடையில் முதலில் அந்த வரியைப் பாருங்கள், பிறகு விலையைக் கேளுங்கள்.

ஆனால் மலையகத்தில் வாட் இரண்டாவது கேள்விதான். எங்கள் பெட்டி ஏன் அந்த நேரத்தில் வெடித்தது என்று பார்க்க, மல்டிமீட்டரைப் பிளக்கில் செருகி ஒரு வாரம் குறித்து வைத்தேன். நள்ளிரவில் 228 வோல்ட். பின்னேரம் ஏழு மணிக்கு 187. சட்டப்படி வீட்டுக்கு வரவேண்டியது 230, ஆறு சதவீதம் கூடலாம் அல்லது குறையலாம். அதாவது 216க்குக் கீழே இறங்கக்கூடாது. எங்கள் ட்ரான்ஸ்போமர் பெக்டரிப் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து மெல்லிய வயரில் மூன்று லயங்களைத் தாண்டித்தான் கரண்ட் எங்களிடம் வருகிறது. கொழுந்து நிறுத்து வீட்டுக்கு வந்து எல்லோரும் ஒரே நேரத்தில் ரைஸ் குக்கரையும் கேத்தலையும் போட்டால், கடைசி லயத்தில் பல்பு மஞ்சளாகிவிடும். வோல்ட் குறைந்தால் அதே வேலைக்குப் பவர் சப்ளை கூடுதல் அம்பியரை இழுக்கும். உள்ளே சூடு ஏறும். மலிவுப் பெட்டி அங்கேதான் சாகிறது. சாகும்போது 12 வோல்ட்டைக் கட்டுப்பாடில்லாமல் வெளியே விட்டு மற்றதையும் கொன்றுவிடுகிறது. நல்ல பெட்டியில் இதைத் தடுக்கும் பாதுகாப்புச் சுற்று இருக்கும்.

(இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. 1950இலிருந்து நாட்டுக்கே மின்சாரம் தந்த லக்சபான இங்கிருந்து தூரமில்லை. காசல்ரீ தண்ணீரை நோர்வுட் பாதையில் போகும்போதெல்லாம் பார்க்கிறோம். அந்தக் கரண்ட் மலையை விட்டு இறங்கும்போது இருக்கும் பலம் லயத்துக்கு வரும்போது இல்லை.)

ஆகவே ஸ்டிக்கரில் பார்க்கவேண்டிய இரண்டாவது வரி இன்புட். சிலவற்றில் 200-240 வோல்ட் என்று இருக்கும். சிலவற்றில் 100-240. நல்ல கம்பனிகளும் முதல் வகையை விற்கின்றன. கொழும்பில் அது பரவாயில்லை. வோல்ட் இறங்கும் இடத்தில் 100-240 என்று எழுதியதையே வாங்குங்கள். 187 என்ன, 150க்கு இறங்கினாலும் அது அசையாது, தனி ஸ்டெபிலைசரும் வேண்டாம். பின்னால் 115/230 என்று சிவப்புச் சுவிட்ச் வைத்த பழைய வகையைத் தொடவே வேண்டாம். பிள்ளைகள் அதை 115 பக்கம் தள்ளிவிட்டால் போட்ட உடனே வெடிக்கும்.

80 பிளஸ் முத்திரையைப் பற்றியும் கேட்கிறார்கள். அது எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதற்கான அளவு. ஓரளவு ஒழுங்கான தயாரிப்பு என்று ஊகிக்க உதவும், பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை. போலி முத்திரையும் ஒட்டுகிறார்கள். கையில் தூக்கிப் பாருங்கள். வயரில் 18 என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள், 20 என்றால் அது மெல்லிய வயர். வாரண்டி எத்தனை வருடம் என்று கேளுங்கள். ஐந்து வருடம் எழுதித் தருபவன் வெடிக்கும் சாமானை விற்க யோசிப்பான்.

பாவித்த டெல், எச்.பி. அலுவலகக் கணினி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பலவற்றில் மதர்போர்டுக்குப் போகும் பிளக் வழக்கமான 24 முள் அல்ல. ஆறு அல்லது எட்டு முள்தான் இருக்கும். மாற்று வயர் கிடைக்கிறது. ஒல்லியான பெட்டி என்றால் சாதாரண பவர் சப்ளை உள்ளேயே போகாது. மூடியைத் திறந்து கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இனி அம்மா சொன்ன கடி. நல்ல பவர் சப்ளையிலும் உயிர் வயரிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சின்னக் கெபாசிட்டர்கள் இரும்புப் பெட்டியோடு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி கிட்டத்தட்ட 115 வோல்ட்டில் நிற்கும். அம்பியர் மிகக் குறைவு என்பதால் சுரீர் என்பதோடு முடிகிறது. ஆனால் அதே வீட்டில் ஒருநாள் உயிர் வயரே பெட்டியைத் தொட்டால், ஆளைக் காப்பாற்ற எதுவும் இல்லை. எங்கள் காம்பராவுக்குக் கரண்ட் வந்தது பக்கத்துக் காம்பராவிலிருந்து இழுத்த இரண்டு வயரில். மூன்றாவது வயர் கிடையாது. சுவரில் மூன்று ஓட்டைச் சொக்கெட் இருந்ததால் நானும் நம்பியிருந்தேன்.

வயரிங் பாஸ் ஒருவரைக் கூப்பிட்டு எர்த் கம்பி அடித்து, ட்ரிப் சுவிட்சும் போட்டோம். பாறை நிலம், மூன்று இடத்தில் அடித்த பிறகுதான் இறங்கியது. தண்ணீர்க் குழாயில் எர்த்தைக் கட்டாதீர்கள், பீலியில் குளிப்பவருக்குக் கரண்ட் போகும். நியூட்ரலோடும் முடியாதீர்கள். ஏப்ரலிலும் ஐப்பசி மழையிலும் இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், ரவுட்டரையும் சேர்த்து.

யு.பி.எஸ். இருந்தால் நல்லது. ஆனால் வோல்ட் அடிக்கடி இறங்கும் வீட்டில் அது அடிக்கடி பேட்டரிக்கு மாறி, பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். சில மலிவு யு.பி.எஸ். தரும் படிப்படியான அலையில் சில புதிய பவர் சப்ளைகள் அணைந்துவிடுவதும் உண்டு. வாங்கும்போதே இரண்டையும் ஒன்றாக இணைத்து, பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஹார்ட் டிஸ்கைக் கொழும்பில் ஒரு திருத்துனரிடம் கொண்டுபோனேன். அதன் பலகையில் அரிசி அளவில் ஒரு டயோட் இருக்கிறது. வோல்ட் எகிறினால் தான் செத்து டிஸ்கைக் காப்பதே அதன் வேலை. அவர் அதைக் கழற்றி எடுத்தார். டிஸ்க் சுழன்றது. முப்பத்தொரு படமும் இருந்தன. இப்போது அவை மூன்று இடத்தில் இருக்கின்றன, ஒன்று கிளிநொச்சியில் சித்தி வீட்டில்.

வோல்ட் குறித்த தாளை இணைத்து மின்சார சபைக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் அடுத்தது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. நேற்றுப் பின்னேரம் ஏழு மணிக்கு 191. கணினி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா ஒற்றை விரலால் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அண்ணன் பள்ளிக்கூட உடுப்போடு நிற்கும் படத்தைப் பெரிதாக்கச் சொன்னார்.