தளர்வு

தளர்வு என்பது நடப்பில் உள்ள ஒரு விதியை நீக்காமல் அதன் இறுக்கத்தை மட்டும் குறைப்பதைக் குறிக்கும் சொல். அரசாணைகளிலும் வேலைவாய்ப்பு அறிவிப்புகளிலும் நெடுங்காலமாக வழங்கிவந்த இச்சொல், 2020, 2021 ஆம் ஆண்டுகளின் கொரோனா ஊரடங்கின்போது தமிழ்நாட்டில் அன்றாடப் பேச்சுக்கு வந்தது.

சொற்பொருள்

'தளர்' என்னும் வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் இது. உடல் தளர்தல், மனம் தளர்தல் என வலுக் குறைவதை இவ்வினை உணர்த்தும். குழந்தையின் தத்தித் தடுமாறும் நடையைத் தளர்நடை என்பர். கட்டிய கயிறு தளர்வதும் இதே வினைதான். விதியோடு சேரும்போது கயிற்றின் பொருளே பொருந்துகிறது: முடிச்சு அவிழவில்லை, பிடி மட்டும் இளகியிருக்கிறது, வேண்டும்போது மீண்டும் இறுக்கலாம். செய்தித்தாள்கள் பெரும்பாலும் 'கட்டுப்பாடுகள் தளர்ந்தன' என்று எழுதாமல் 'தளர்த்தப்பட்டன' என்று எழுதுவதும் கவனிக்கத்தக்கது. விதி தானாகத் தளர்வதில்லை. அதிகாரம் உள்ள ஒருவர் தளர்த்த வேண்டும்.

விலக்கு, ரத்து ஆகிய சொற்களோடு இதைக் குழப்பிக்கொள்வது உண்டு. விலக்கு பெற்றவருக்கு விதியே பொருந்தாது. ரத்தானால் விதி எவருக்கும் இல்லை. தளர்வில் விதி அப்படியே நிற்கிறது. வயது வரம்புத் தளர்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மத்திய அரசுப் பணிகளில் பொதுவாகப் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5 ஆண்டுகள், பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 3 ஆண்டுகள் தளர்வு உண்டு. வரம்பு 30 என்றால் அது 35 ஆகவோ 33 ஆகவோ நகரும். வரம்பே இல்லை என்று ஆகாது.

இலங்கைத் தமிழில் 'ஊரடங்குச் சட்டம் தளர்த்தப்பட்டது' என்றால், குறித்த சில மணி நேரம் அது நடைமுறையில் இல்லை என்று பொருள். நேரம் முடிந்ததும் மீண்டும் அமுலுக்கு வரும்.

ஊரடங்கும் தளர்வும்

தமிழ்நாட்டில் 2021 மே 24 முதல் 'தளர்வுகளற்ற முழு ஊரடங்கு' நடப்புக்கு வந்தது. பின்னர் வந்தது 'தளர்வுகளுடன் கூடிய ஊரடங்கு'. இத்தொடரில் தலைச்சொல் ஊரடங்குதான். தளர்வு அதற்கு அடை. எனவே அறிவிப்பின் பட்டியலில் இடம்பெற்றவை மட்டுமே, குறித்த நாள் வரை, அனுமதிக்கப்பட்டவை. பட்டியலில் இல்லாத கடையைத் திறந்தவர் மீது வழக்குப் பதிய இடமிருந்தது. 'தளர்வு அறிவிச்சாச்சு' என்ற ஒரு வரியை மட்டும் கேட்டு ஊரடங்கே முடிந்ததாக எண்ணியவருக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல.

தளர்வு இடத்துக்கு இடம் மாறவும் செய்தது. 2021 ஜூன் 7 முதல் தொற்று அதிகமிருந்த 11 மாவட்டங்களுக்குக் குறைந்த தளர்வுகளும், ஏனைய 27 மாவட்டங்களுக்குக் கூடுதல் தளர்வுகளும் அறிவிக்கப்பட்டன. சேலம் முதல் பிரிவில் இருந்தது, தருமபுரி இரண்டாவதில்.

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் உள்ள ஏரியூர்ப் பகுதியில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காணலாம். இப்பகுதி மேட்டூர் அணையின் நீர்த்தேக்கக் கரையில் உள்ளது. இங்குள்ள நாகமரையிலிருந்து நீரைக் கடந்தால் எதிர்க்கரையில் பண்ணவாடி. அது சேலம் மாவட்டம் கொளத்தூர்ப் பகுதி. படகில் சிறிது நேரம்தான், சாலை வழியென்றால் மேட்டூர் சுற்றிப் போக வேண்டும். உறவும் சந்தையும் இரு கரையிலும் கலந்தவை. ஆனால் ஜூன் 14 முதல் முடிதிருத்தும் நிலையம் நாகமரைக் கரையின் மாவட்டத்தில் திறக்கலாம், பண்ணவாடிக் கரையின் மாவட்டத்தில் திறக்கக் கூடாது. ஜூன் 21 முதல் மாவட்டங்கள் மூன்று வகைகளாயின; சேலம் முதல் வகை, தருமபுரி இரண்டாம் வகை. ஜூன் 28 முதல் தருமபுரி உள்ளிட்ட இரண்டாம் வகை மாவட்டங்களிலும் பேருந்துகள் ஓட அனுமதி கிடைத்தது, சேலத்தில் கிடைக்கவில்லை. நோய்ப்பரவலை மாவட்டவாரியாகக் கணக்கிட்டதால் எல்லைக் கோடு ஆற்றின் நடுவே விழுந்தது. நிர்வாகத்துக்கு எளிது, கரையோர ஊர்களுக்கு அப்படியல்ல.

ஜூலை 5 முதல் எல்லா மாவட்டங்களுக்கும் ஒரே வகைத் தளர்வுகள் நடப்புக்கு வந்தன. அப்போதும் அறிவிப்பின் தலைப்பில் ஊரடங்கு 'நீட்டிப்பு' என்றே இருந்தது.